நெறியாளர் வாயிலாக ஒரு புகார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வாளர்கள் சங்கமாகத் திரண்டு ஊதிய உயர்வும் பணி ஒப்பந்தமும் கேட்பது கல்விக்கு அழகல்ல என்று தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மையில் ஒரு கடிதம் வெளிவந்திருந்தது. ஆய்வாளர் படிக்க வந்தவர், படிப்பவருக்கு உதவித்தொகை கிடைப்பதே பெரிது, அது போதாதென்றால் வேறு வேலை பார்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் சாரம். நான் நெடுங்காலம் ஆய்வு நெறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அதாவது, இந்தச் சங்கங்கள் யாரை நோக்கிக் கோரிக்கை வைக்கின்றனவோ அவர்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தவன். அங்கிருந்து பார்த்தவன் என்ற முறையில், அக்கடிதம் இதை வெறும் பணப் பிரச்சினையாகச் சுருக்கிவிட்டது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. பணமும் இதில் உண்டுதான். ஆனால் ஆய்வாளர் ஒருவர் தனியாக நின்று தம் குறையை வாய்திறந்து சொல்லவே முடியாதபடி இந்த ஏற்பாடு அமைந்திருக்கிறது என்பதே அடிப்படைக் கோளாறு. சங்கம் தேவைப்படுவது முதலில் அதற்காகத்தான்.

ஆய்வாளர் மாணவரா, ஊழியரா என்ற கேள்வியைக் கடிதம் எழுதியவர் ஒரே வரியில் தீர்த்துவிட்டார். அது அவ்வளவு எளிதாகத் தீர்ந்த கேள்வியல்ல. தொழிற்சங்க உரிமை பற்றிய வழக்குகளைத் தீர்க்கும் அமெரிக்காவின் தேசியத் தொழிலுறவு வாரியம், தனியார் பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தும் ஆய்வு மாணவர்கள் ஊழியர்களே என்று 2000ஆம் ஆண்டில் நியூயார்க் பல்கலைக்கழக வழக்கில் சொன்னது. இல்லை, அவர்கள் மாணவர்கள்தான் என்று 2004இல் பிரவுன் பல்கலைக்கழக வழக்கில் மாற்றிச் சொன்னது. 2016இல் கொலம்பியா பல்கலைக்கழக வழக்கில் மறுபடியும் ஊழியர்கள் என்றது. இந்தப் பதினாறு ஆண்டுகளில் அவர்கள் செய்த வேலை மாறவில்லை. வாரியத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் மாறினார்கள். நெதர்லாந்து, ஸ்வீடன், நார்வே, டென்மார்க் ஆகிய நாடுகளில் முனைவர் பட்ட ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஊதியம் பெறும் பல்கலைக்கழக ஊழியர்கள். ஐரோப்பிய ஆணையம் 2005இல் வெளியிட்ட ஆய்வாளர் சாசனம், பட்டமேற்படிப்பு நிலையிலிருந்தே ஆய்வாளரைத் தொழில்முறையாளராக மதிக்க வேண்டும் என்றது. இதனால் அந்நாடுகளில் ஆராய்ச்சியின் தரம் சரிந்துவிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

செய்கிற வேலையைப் பார்த்தாலே விடை தெரியும். ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. ஊட்டக் கரைசலை மாற்ற யாராவது போயாக வேண்டும், போகிறவர் பெரும்பாலும் ஆய்வாளர்தான். இளநிலை மாணவர்களின் செய்முறை வகுப்பை நடத்துவது, விடைத்தாள் திருத்துவது, பழுதான கருவிக்கு ஆள் வரவழைத்துப் பக்கத்திலேயே நிற்பது, ரசாயனங்கள் வாங்க விலைப்புள்ளி கேட்பது, பேராசிரியரின் அடுத்த திட்ட நிதிக்கான விண்ணப்பத்தில் பாதியை எழுதித் தருவது என்று அவர் நாள் ஓடுகிறது. விடுமுறையில் வரச் சொல்லும்போது அவர் ஊழியர், விடுமுறைக்கான ஊதியம் கேட்கும்போது மாணவர்.

சரி, நான் அடிப்படைக் கோளாறு என்று சொன்னதற்கு வருகிறேன். ஒரு ஆய்வாளரின் வாழ்க்கையில் நெறியாளர் என்ற ஒரே மனிதரின் கையில் என்னென்ன இருக்கின்றன என்று யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா? உதவித்தொகையைப் புதுப்பிக்க அவர் கையொப்பம் வேண்டும். விடுப்புக்கும் கருத்தரங்குப் பயணத்துக்கும் அவர் ஒப்புதல் வேண்டும். கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும், யார் பெயர் வராமலே போகும் என்பதில் அவர் சொல்லே இறுதி. ஆய்வேட்டை எப்போது சமர்ப்பிக்கலாம் என்று சொல்பவரும் அவரே. பல இடங்களில் ஆய்வேட்டை மதிப்பிடும் வெளித் தேர்வாளர்களின் பட்டியலைத் தருபவரும் அவரே. பட்டம் பெற்று வெளியேறிய பின்னும் பல ஆண்டுகளுக்கு, எந்த வேலைக்கு விண்ணப்பித்தாலும் அவருடைய பரிந்துரைக் கடிதம் கேட்கப்படும். அக்கடிதத்தில் வசை எதுவும் வேண்டாம், பாராட்டு கொஞ்சம் குறைந்தாலே போதும், வாய்ப்பு கைநழுவிவிடும். ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளரோடு மனக்கசப்பு ஏற்பட்டால் தொழிலாளி வேறிடம் போகலாம். நான்காம் ஆண்டில் நெறியாளரை விட்டு விலகும் ஆய்வாளர், பெரும்பாலும் அந்த நான்கு ஆண்டுகளையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது.

நான் அறிந்த ஒரு நிறுவனத்தில் ஆய்வாளர்களுக்கென்று குறைதீர்ப்புப் படிவம் ஒன்று அச்சிட்டு வைத்திருந்தார்கள். பெயர், பதிவு எண், ஆய்வுத் தலைப்பு, குறையின் விவரம் எல்லாம் கேட்டுவிட்டு, அடியில் ‘நெறியாளர் வாயிலாக’ என்று ஒரு வரியும் அதற்கெதிரே கையொப்பத்துக்கான இடமும் இருந்தன. குறையே நெறியாளரைப் பற்றியது என்றால் என்ன செய்வது என்று அலுவலகத்தில் கேட்ட ஓர் ஆய்வாளருக்கு, அப்படியானால் துறைத்தலைவரிடம் கையொப்பம் வாங்கி வாருங்கள் என்று பதில் கிடைத்தது. அப்போது துறைத்தலைவராக இருந்தவர் அந்த நெறியாளரேதான். அந்தப் பெண் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த ஆண்டறிக்கையில் ஆய்வாளர்களிடமிருந்து குறை எதுவும் வரவில்லை என்று ஒரு வரி இருந்தது. சொல்லப்போனால் அது உண்மையும்கூட.

இது ஓரிடத்துக் கதையல்ல என்பதற்குச் சான்றுகள் உண்டு. ‘நேச்சர்’ அறிவியல் இதழ் 2019இல் உலகெங்கிலுமிருந்து 6,000க்கும் மேற்பட்ட முனைவர் பட்ட ஆய்வாளர்களிடம் நடத்திய கருத்தாய்வில் ஐந்தில் ஒருவர் மிரட்டலுக்கு ஆளானதாகச் சொன்னார். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், பின்விளைவுகளுக்கு அஞ்சாமல் அதைப் பற்றிப் பேச முடியவில்லை என்றனர். முனைவர் பட்ட ஆய்வின் காரணமாக ஏற்பட்ட பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ உதவி நாடியதாகச் சொன்னவர்கள் 36 விழுக்காடு. தாமாக முன்வந்து பதில் எழுதுபவர்களில் மனம் நொந்தவர்களே கூடுதலாக இருப்பார்கள் என்று ஒருவர் மறுக்கலாம். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் 2017இல் வெளிவந்த பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதி ஆய்வு 3,659 ஆய்வாளர்களைக் கொண்டு, அதே அளவு படித்த மற்றவர்களோடு ஒப்பிட்டு நடத்தப்பட்டது. அதிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மனநலப் பாதிப்புக்கு உள்ளாகும் அபாயத்தில் இருப்பதாகத் தெரியவந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட குழுக்களில் இந்த அளவு கணிசமாகக் குறைவு.

அமெரிக்க தேசிய அறிவியல், பொறியியல், மருத்துவ அகாடமிகள், உயர்கல்வியில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தல் பற்றி 2018இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. சங்கங்களைப் பற்றி எந்தச் சார்பும் இல்லாத அவ்வறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்று, நெறியாளருக்கும் பயிலும் ஆய்வாளருக்கும் இடையே உள்ள, ஒருவரையே சார்ந்து நிற்கும் உறவைத் தளர்த்த வேண்டும் என்பது. ஒரே நெறியாளருக்குப் பதிலாகக் குழு வழிகாட்டலாம், உதவித்தொகையைத் தனி ஆசிரியரின் திட்ட நிதியிலிருந்து பிரித்துத் துறையே வழங்கலாம் என்று அது வழியும் காட்டியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 3,000 பேர் 2021 நவம்பரில் தொடங்கி 2022 ஜனவரி வரை நடத்திய வேலைநிறுத்தத்தில், ஊதியத்தோடு சேர்ந்து கடைசி வரை இழுபறியாக இருந்த கோரிக்கைகளில் ஒன்று, துன்புறுத்தல், பாகுபாடு பற்றிய புகார்களைப் பல்கலைக்கழகத்தைச் சாராத நடுவர் விசாரிக்க வேண்டும் என்பதே. பணத்துக்காக மட்டும் தெருவுக்கு வந்தவர்கள் அந்த ஒன்றைப் பற்றிக்கொண்டு பத்து வாரம் நின்றிருக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் ஒவ்வொருவரும் தனித்தனியே கேட்டுப் பெற வேண்டியதுதானே என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பூனைக்கு மணி கட்டுவது யார்? கேட்கிறவரின் பெயர் வெளியே தெரிந்த அன்றே அவருடைய ஆய்வேட்டுக்குப் புதிது புதிதாகத் திருத்தங்கள் முளைக்கும். எந்த விதியையும் மீறாமல், எந்தக் கோப்பிலும் தடயம் விடாமல் ஒருவரை ஓராண்டு தாமதிக்க வைக்க நெறியாளரால் முடியும். கோரிக்கை நூறு பேரின் பெயரில் வரும்போது அப்படித் தாமதிக்க வைக்க ஒருவரும் அகப்படுவதில்லை. சங்கத்தின் முதல் பயன் இந்தப் பாதுகாப்புதான். பேரம் பேசுவது அதற்குப் பிறகு.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கனடாவில் மத்திய அரசின் முதுநிலை ஆய்வு உதவித்தொகை 2003 முதல் ஆண்டுக்கு 17,500 டாலர் என்ற அளவிலேயே நின்றிருந்தது. ஆய்வாளர்களும் பேராசிரியர்களும் சேர்ந்து நடத்திய இயக்கத்தின் பின்னரே, 2024ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அது 27,000 டாலராகவும் முனைவர் பட்ட உதவித்தொகை 40,000 டாலராகவும் உயர்த்தப்பட்டன. இருபது ஆண்டுகள் விலைவாசி மட்டும் ஏறிக்கொண்டிருந்ததை யாரும் அறியாமலில்லை. கேட்க ஆளில்லை, அவ்வளவுதான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2022 நவம்பர் 14 அன்று ஏறத்தாழ 48,000 கல்விப் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பெரும்பகுதியினர் ஆய்வு மாணவர்கள். கிறிஸ்துமஸுக்குச் சற்று முன் உடன்பாடு ஏற்பட்டது; குறைந்தபட்ச ஊதியம் கணிசமாக உயர்ந்தது. அதன்பின் சில துறைகளில் புதிய சேர்க்கை குறையக்கூடும் என்ற பேச்சும் எழுந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. பத்துப் பேரை அரைவயிற்றோடு வைத்துக்கொள்வதைவிட ஏழு பேரை முறையாக வைத்துக்கொள்வது மேல் என்பது என் கருத்து. பத்துப் பேருக்கும் பட்டத்துக்குப் பின் காத்திருக்கும் நிரந்தர இடங்கள் எத்தனை என்று தெரிந்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

தொகையின் அளவைவிட அது எப்போது நிற்கிறது என்பது முக்கியம். மூன்றாண்டுக்கு நிதி, ஆய்வு முடிய நான்கோ ஐந்தோ ஆண்டு என்பது பல நாடுகளில் எழுதப்படாத வழக்கம். நிதி நின்ற பிறகு ஆய்வேட்டை எழுதி முடிக்கும் அந்தக் கடைசி ஓராண்டை யார் செலவில் ஓட்டுவது? சேமிப்புள்ள குடும்பத்தில் பிறந்தவர் ஓட்டிவிடுவார். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர் பாதியில் வேலைக்குப் போய்விடுவார், ஆய்வேடு அலமாரியில் கிடக்கும். சம வாய்ப்பு என்று நாம் பேசுவது சேர்க்கையின்போது காட்டும் கருணையோடு நின்றுவிடுகிறது. உண்மையான வடிகட்டல் நடப்பது அந்தக் கடைசி ஆண்டில்தான். அங்கே எந்த இடஒதுக்கீடும் எட்டுவதில்லை.

குழந்தை பெறும் ஆய்வாளர்களின் நிலையும் இதே கணக்கில்தான் சிக்குகிறது. ஜெர்மனியின் கல்விசார் தற்காலிகப் பணிச் சட்டம் ஒரு குழந்தைக்கு இரண்டாண்டு எனத் தற்காலிக ஒப்பந்தங்களின் உச்சக் காலவரம்பை நீட்டிக்க இடம் தருகிறது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிமுறை பெண் ஆய்வாளர்களுக்கு 240 நாள்வரை மகப்பேறு அல்லது குழந்தை பராமரிப்பு விடுப்பை ஏற்றது. இவை நல்ல விதிகள். ஆனால் விடுப்பு நாள்கள் கூடும்போது நிதி முடியும் தேதியும் தள்ளிப் போகாவிட்டால், அந்த விடுப்பை எடுக்கச் சொல்வதும் ஆய்வை விடச் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றே. நீட்டிக்கலாம் என்று சட்டம் இடம் தருவது வேறு, நீட்டித்தே ஆக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது வேறு. முதலாவதற்கு ஒருவரின் மனம் இரங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்து ஆய்வு செய்பவருக்கு இதைவிடக் கடினம்: பதிவு ரத்தானால் விசாவும் போகும் என்பதால், நெறியாளரோடு முரண்படுவது அவருக்கு நாட்டை விட்டுப் போவதற்குச் சமம். மாற்றுத்திறனாளிகளுக்கோ ஆய்வகத்தின் மேசை உயரத்திலிருந்தே தடை தொடங்குகிறது. அதை மாற்றித் தரக் கேட்பதையும் அவர்கள் தயவாகவே கேட்க வேண்டியிருக்கிறது.

ஆய்வாளர்கள் ஒன்றுசேர்வதில் வேறெந்தத் தொழிலிலும் இல்லாத ஓர் இடையூறு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் நிலையாக இருப்பவர்களல்லர். முதலாண்டில் ஒன்றும் புரியாது, கடைசி ஆண்டில் மூச்சுவிட நேரமிருக்காது. இடையில் உள்ள இரண்டு, மூன்று ஆண்டுகளில்தான் ஒருவரால் சங்க வேலை பார்க்க முடியும். பேச்சுவார்த்தையில் கலந்துகொண்டவர் அதன் பலனைக் காணும் முன் பட்டம் வாங்கிப் போய்விடுவார். நிர்வாகத்துக்கு இது நன்றாகத் தெரியும். குழு அமைக்கிறோம், ஆராய்கிறோம் என்று இரண்டாண்டு இழுத்தால் கேட்டவர்களே இருக்க மாட்டார்கள். இதைத் தாண்டி வந்த அமைப்புகள் ஆவணங்களைப் பேணித்தான் தாண்டின. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உதவி ஆசிரியர்களாகப் பணிபுரிந்த ஆய்வு மாணவர்கள் 1970லேயே வேலைநிறுத்தம் செய்து முதல் ஒப்பந்தத்தைப் பெற்றார்கள். அந்தச் சங்கம் தலைமுறைகள் மாறியும் நீடிக்கிறது. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனங்களின் முனைவர் பட்ட ஆய்வாளர்கள் 2003இல் தமக்கென ஒரு வலையமைப்பை உருவாக்கினார்கள். ஒவ்வொரு நிறுவனத்திலும் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பது, தங்கள் பணி நிலையைப் பற்றித் தாங்களே கருத்தாய்வு நடத்தி அறிக்கை வெளியிடுவது என்று அமைதியாகவே செயல்பட்டார்கள். நிறுவனம் உதவித்தொகை முறையைக் கைவிட்டுச் சமூகப் பாதுகாப்போடு கூடிய ஒப்பந்தங்களுக்கு 2015இல் மாறியதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கும். ஆனால் உதவித்தொகையில் இருப்பவருக்கும் ஒப்பந்தத்தில் இருப்பவருக்கும் ஒரே ஆய்வகத்தில் எவ்வளவு வேறுபாடு என்பதை ஆண்டுதோறும் எண்களாக முன்வைத்தவர்கள் அவர்கள்.

அதே ஜெர்மனியில், தற்காலிகப் பணிகள் ஏன் நல்லவை என்று விளக்குவதற்கு மத்தியக் கல்வி, ஆராய்ச்சி அமைச்சகம் ‘ஹன்னா’ என்ற கற்பனை ஆய்வாளரை வைத்து ஒரு காணொளி தயாரித்திருந்தது. ஒரே தலைமுறை எல்லா இடங்களையும் அடைத்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் வாதம். 2021 ஜூனில் ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கில் ‘நான்தான் ஹன்னா’ என்ற தலைப்பில், தங்கள் பெயர், வயது, இதுவரை கையெழுத்திட்ட ஒப்பந்தங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சமூக ஊடகத்தில் எழுதத் தொடங்கினார்கள். அமைச்சகம் காணொளியைத் தன் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டது. சட்டம் அவ்வளவு எளிதில் மாறவில்லை. ஆயினும் அதுவரை தங்கள் தனிப்பட்ட தோல்வி என்று எண்ணி மறைத்துவந்த ஒன்று பொதுவான ஏற்பாட்டின் விளைவு என்று பலருக்கும் அப்போதுதான் உறைத்தது.

சங்கம் வந்தால் ஆசிரியர்–மாணவர் உறவு கெட்டுவிடும் என்பது தங்கள் வாசகரின் கடைசி அச்சம். நல்ல உறவு உள்ள இடத்தில் ஒப்பந்தம் எதைக் கெடுக்கும் என்று எனக்குப் புரியவில்லை. வேலை நேரமும் விடுப்பும் எழுத்தில் இருந்திருந்தால், யாருக்கு விடுப்புத் தருவது, யாருக்கு மறுப்பது என்ற சங்கடம் எனக்கே பல முறை இல்லாமல் போயிருக்கும். கெடப்போவது, ஒருவரின் எதிர்காலத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடத்தும் உறவு. அது கெடட்டும்.

ஆகவே பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடியது இது. ஆய்வில் சேரும் நாளிலேயே பணி, நேரம், விடுப்பு, நிதி முடியும் தேதி ஆகியவற்றை எழுதிய ஒப்பந்தத்தைக் கொடுக்கலாம். வழிநடத்துபவரும் மதிப்பிடுபவரும் ஒருவராக இருக்கும் வழக்கத்தை நிறுத்தி, இரண்டாவது நெறியாளரைக் கட்டாயமாக்கலாம். நெறியாளரை மாற்றிக்கொள்பவரின் உதவித்தொகையும் பதிவுக் காலமும் பாதிக்கப்படாது என்று விதி செய்யலாம். புகார் துறைக்கு வெளியே, முடிந்தால் நிறுவனத்துக்கே வெளியே உள்ளவரிடம் போகும் வழியை ஏற்படுத்தலாம். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெரிய செலவில்லை. கூடவே, இவற்றை முடிவு செய்யும் குழுக்களில் ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளுக்கு இடம் வேண்டும். பார்வையாளராக உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து அனுப்பாமல், வாக்குரிமையோடு கூடிய இடமாக அது இருக்க வேண்டும். ஒரு பிரதிநிதி பட்டம் பெற்றுப் போகும் முன்பே அடுத்தவர் பொறுப்பேற்று, கோப்புகளையும் கூட்டக் குறிப்புகளையும் கைமாற்றிக்கொள்ளும் வகையில் அதன் காலவரையறையும் அமைய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வு நெறியாளர் ஒருவர்